சீலம் எங்கே தொடங்குகிறது

1941-ஆம் ஆண்டு மலாயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் கேட்டது கூலி மட்டும் இல்லை. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்றதோடு, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். தோட்டத்துப் பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடமும் நோயாளிகளுக்கு மருத்துவமும் வேண்டும், உறவுக்காரர்கள் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும் என்றார்கள். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: கள்ளுக்கடைகளை மூட வேண்டும்.

கேட்டவர்களில் குடிப்பவர்களும் இருந்திருப்பார்கள். இருந்தே தீர வேண்டும்; அன்றைய தோட்ட வாழ்க்கை அப்படி. லயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உரிமம் பெற்ற கடை. நாள் முழுதும் மரத்துக்கு மரம் ஓடி, பால் வாளி சுமந்து, கிராணியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்புகிறவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. கூலியில் ஒரு பங்கு தோட்டத்து எல்லையைத் தாண்டாமலே கடைக்குப் போய்ச் சேர்ந்தது. மனத்திடம் இருந்தால் குடிக்காமல் இருக்கலாமே என்று அவர்களிடம் சொன்ன பெரிய மனிதர்கள் நிறையப் பேர். தொழிலாளர்கள் சபதம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. கடையை மூடு என்று கடையை நடத்தவிட்டவர்களைப் பார்த்துச் சொன்னார்கள்.

முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர். மே மாதம் அவரைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அதைக் கண்டித்து வேலைநிறுத்தம் மறுபடி பரவியது. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். போர் முடிந்த பிறகு கெடாவில், பீடோங் பக்கத்து ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தொடங்கிய தொண்டர் படை அதே கள்ளுக்கடைக் கோரிக்கையை மறுபடி கையில் எடுத்தது. அங்கும் ஒடுக்குமுறைதான் பதிலாக வந்தது.

இவர்கள் யாரும் பௌத்தர்கள் இல்லை. மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் பொங்கல் வைத்தவர்கள். ஆனாலும் பௌத்தத்தின் ஐந்தாம் சீலத்தை இவர்கள் அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் குறைவு என்று நான் நினைக்கிறேன். கொல்லாமை, கொடுக்கப்படாததை எடுக்காமை, தகாத காமம் தவிர்த்தல், பொய் சொல்லாமை, மதி மயக்கும் குடியை விலக்குதல் என்று ஐந்தையும் நாம் பெரும்பாலும் ஒரு தனி ஆளின் மன உறுதிக்கு வைத்த பரீட்சையாகப் படித்துவிடுகிறோம். கோப்பை கைக்கு வந்துவிட்டது, குடிப்பானா மாட்டானா என்று காத்திருந்து பார்க்கிறோம். அந்தக் கோப்பை அவன் கைக்கு எப்படி வந்தது என்று கேட்பதில்லை.

பாலி நூல்கள் கேட்கின்றன. அங்குத்தர நிகாயத்தில் இல்லறத்தார் செய்யக்கூடாத ஐந்து வாணிகங்களைப் புத்தர் சொல்கிறார்: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. குடிக்கிறவனுக்கு ஒரு சீலம் இருந்தால் விற்கிறவனுக்கும் ஒன்று இருக்கிறது. தீக நிகாயத்தின் கூடதந்த சூத்திரத்தில் வரும் அரசனுக்கு அவனுடைய புரோகிதர் கூறும் அறிவுரை இதைவிட நேரடியானது. நாட்டில் கொள்ளை பெருகிவிட்டது. கொன்றும் கட்டியும் நாடு கடத்தியும் அதை ஒழிக்க முடியாது. உழுகிறவனுக்கு விதை கொடு, வாணிகனுக்கு முதல் கொடு, வேலை செய்கிறவனுக்குக் கூலி கொடு என்கிறார். அதே நிகாயத்தின் சக்கவத்தி சூத்திரம் ஒரு சங்கிலியை விரித்துக் காட்டுகிறது. இல்லாதவர்களுக்குக் கொடுக்காததால் வறுமை, வறுமையால் களவு, களவால் ஆயுதம், ஆயுதத்தால் கொலை, பிறகு பொய். சீலங்கள் ஒவ்வொன்றாக உடைகிற வரிசை அது. முதல் கண்ணி அரசனின் கையில் இருக்கிறது.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மது குடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் நேப்பாளம், மியன்மார், பங்களாதேஷ் நாடுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். குடித்தது அவர்கள் தவறு என்ற பேச்சு அப்போது எழுந்தது. மதுவும் நஞ்சும் என்று இரண்டு விலக்கப்பட்ட வாணிகங்கள் ஒரே போத்தலில் சேர்ந்திருந்த சம்பவம் அது. அதில் குடித்தவனை முதலில் நிறுத்தி விசாரிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

*

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் பௌத்த மகா விகாரை 1894-இல் தொடங்கியது. இலங்கையிலிருந்து வந்த சிங்களவர்கள் சாசன அபிவிருத்தி வர்தன சங்கத்தை அமைத்துக் கட்டியது. கொஞ்ச தூரத்தில் ஸ்காட் சாலையில் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில். இரு தரப்பாரும் ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் வேலைக்கு வந்தவர்கள். பக்கத்துப் பக்கத்துக் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். இன்று விகாரைக்கு வருகிறவர்களில் பெரும் பகுதி சீனர்கள். அந்த மாற்றத்தில் 1952-இல் இலங்கையிலிருந்து வந்து 2006-இல் மறையும்வரை அங்கே தலைமைத் துறவியாக இருந்த கே. ஸ்ரீ தம்மானந்தருக்குப் பெரும் பங்கு உண்டு. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1962-இல் பௌத்த சமயப் பரப்புரைச் சங்கத்தைத் தொடங்கியவர். எளிய ஆங்கிலத்தில் அவர் எழுதிய புத்தகங்கள் இலவசமாக வீடு வீடாகப் போயின. மகன் வேற்று மதப் பெண்ணைக் கட்டிக்கொள்ள நினைக்கிறான், பங்குதாரன் ஏமாற்றுகிறான் என்று வருகிறவர்களுக்கு இந்த மாதிரி விகாரைகள்தான் ஆலோசனை கேட்கும் இடம்.

தமிழர்கள் அந்த வாசலில் கொஞ்சம் தயங்குகிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். காரணம் எல்லோருக்கும் தெரியும். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஜூலையில் தமிழர்மேல் நடந்த வன்முறை, 2009 மே மாதம் போர் முடிந்த விதம். சிங்கள பௌத்தம் என்ற பெயரில் ஒரு அரசு நடந்துகொண்ட விதமும், காவியுடுத்த சிலர் போரை வாழ்த்தியதும், ஸ்காட் சாலைக் கோயிலுக்கு வருகிற குடும்பங்களின் நினைவில் செய்தித்தாள் செய்தியாக இல்லை. பெயரோடும் முகத்தோடும் இருக்கிறது. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கொல்லாமையை அந்தத் துறவிகளின் சொத்தாக விட்டுவிட எனக்கு மனமில்லை. அவர்களுக்கு முன்னாலேயே அது தமிழில் இருந்தது.

இருந்தது மட்டுமா, கடல் தாண்டியும் போய் வந்தது. முதலாம் ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊர் பள்ளிச்சந்தக் கொடையாக விடப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. கடாரம் என்பது இன்றைய கெடா. தொண்டர் படை கள்ளுக்கடை முன்னால் நின்ற பீடோங் அந்தப் பழைய நிலத்தில்தான் இருக்கிறது. நாகப்பட்டினத்து விகாரத்தில் எஞ்சியிருந்த கோபுரத்தை 1867-இல் இடித்தார்கள். பிறகு அதே ஊரில் மலாயாவுக்குப் போகும் கூலிகளைத் தங்கவைக்கும் முகாம் வந்தது. நம்மில் பலருடைய தாத்தாக்களும் பாட்டிகளும் அந்தக் கரையிலிருந்து கப்பலேறிப் போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இன்றைய போர்ட் கிள்ளானில் வந்து இறங்கினார்கள். 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசர், பிறப்பால் அல்லாமல் ஒழுக்கத்தால் மனிதனை அளந்த ஒரு தமிழ்ச் சமூகம் முன்னொரு காலத்தில் இருந்தது என்று எழுதி எழுதி நிறுவப் பார்த்தார். அவருடைய வரலாற்று வாதங்கள் எல்லாவற்றையும் ஏற்காதவர்களும் அந்த ஏக்கத்தை ஏற்கலாம்.

மணிமேகலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம், காப்பியத்தின் பெரிய திருப்பங்களில் ஒன்று இல்லை. ஆதிரையின் கணவன் சாதுவன் கதை. சூதிலும் கணிகையிடமும் பொருளைத் தொலைத்துவிட்டுப் பொருள் தேடக் கப்பலேறுகிறான். கப்பல் உடைகிறது. ஒரு மரத்துண்டைப் பற்றிக்கொண்டு நாகர்கள் வாழும் தீவில் ஒதுங்குகிறான். அந்தத் தீவின் வழக்கப்படி கரையொதுங்கியவன் உணவு. ஆனால் அவனுக்கு அவர்கள் பேச்சு தெரிந்திருக்கிறது. அதனால் தலைவனிடம் அழைத்துப் போகிறார்கள். தலைவன் விருந்தாளியாக நடத்தி, கள்ளும் ஊனும் பெண்ணும் தரச் சொல்கிறான். சாதுவன் மறுக்கிறான். இவையெல்லாம் இல்லாமல் உலகத்தில் என்ன இருக்கிறது என்று தலைவனுக்கு உண்மையாகவே புரியவில்லை; கேட்கிறான். சாதுவன் வினையும் பிறப்பும் பற்றிச் சொல்கிறான். தலைவன் சிரித்துவிட்டுப் பிறகு யோசிக்கிறான். கள்ளும் ஊனும் முழுதாக விட எங்களால் முடியாது, எங்களுக்கு ஆகிற அறம் எதுவோ அதைச் சொல் என்கிறான்.

அங்கே சாதுவன் செய்வதுதான் எனக்கு முக்கியம். அவன் ஐந்து சீலங்களையும் அப்படியே வைத்து, எடுத்தால் எல்லாவற்றையும் எடு, இல்லாவிட்டால் விடு என்று சொல்வதில்லை. முதலில் ஒன்று கேட்கிறான்: கப்பல் உடைந்து இங்கே ஒதுங்குகிறவர்களைக் கொல்லாதீர்கள். அடுத்து, தானாக மூத்துச் சாகிற விலங்கைத் தவிர மற்ற உயிர்களுக்குத் தீங்கு செய்யாதீர்கள் என்கிறான். தலைவன் ஒப்புக்கொள்கிறான். முன்பு உடைந்த கப்பல்களிலிருந்து கிடைத்த அகிலும் சந்தனமும் துணியும் பொருளும் சாதுவனிடம் கொடுக்கிறான். பிறர் பொருள் திரும்பி வருகிறது.

சீலம் என்பது இப்படி நடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கே இருக்கிறாயோ அங்கிருந்து தொடங்கு. உன் கையில் அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே முதலில் தொடங்கு. நாகர் தலைவனின் அதிகாரம் கரையொதுங்கியவனின் உயிர்மேல் இருந்தது.

*

மஜ்ஜிம நிகாயத்தில் புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் சொன்ன பாடம் ஒன்று இருக்கிறது. கண்ணாடி எதற்கு என்று கேட்கிறார். பார்ப்பதற்கு என்கிறான் பையன். அதைப் போலச் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் செய் என்கிறார். செய்வதற்கு முன்னால் பார், எனக்கோ பிறருக்கோ இருவருக்குமோ இது துன்பம் தருமா என்று. செய்துகொண்டிருக்கும்போது பார். செய்த பிறகும் பார். தவறென்றால் அறிந்தவரிடம் சொல், மறுபடி செய்யாதே. மூன்று காலத்தையும் அவர் சொன்னாலும், நாம் நடு நிமிடத்தில்தான் மாட்டிக்கொள்கிறோம். கொல்லலாமா கூடாதா, சொல்லலாமா கூடாதா என்ற சங்கடம் வந்து நிற்கும் நிமிடம் அது. அந்த நிமிடத்தில் பெரும்பாலும் நல்ல விடை மிஞ்சியிருப்பதில்லை. நல்ல விடை கிடைக்கும் இடம் அதற்கு முன்னாலேயே கடந்துபோயிருக்கும்.

டெங்கியைப் பாருங்கள். நாட்டிலேயே அதிகம் டெங்கி பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பௌத்தத் தாய், கையில் வந்து உட்காரும் கொசுவை அடிக்கலாமா? தம்மப் பேச்சு முடிந்ததும் இளைஞர்கள் கேட்கும் கேள்வி இது. அவர்கள் அதைச் சீலத்துக்கும் அன்புக்கும் நடக்கும் சண்டையாகப் பார்க்கிறார்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள் ஆகும். பூந்தொட்டித் தட்டில், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டில், கூரைக் கால்வாயில் தேங்கும் நீரை வாரம் ஒரு முறை கொட்டிக் காய வைக்கிற வீட்டில் அந்தக் கேள்வி பாதியாகக் குறைந்துவிடும். தண்ணீர் தேங்கவே விடாவிட்டால் கொல்லும் கேள்வியே பெரும்பாலும் எழாது. கொல்லாமையின் வேலை துடைப்பத்தோடும் வாளியோடும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழு கூரைக் கால்வாயைச் சுத்தம் செய்யப் பணம் ஒதுக்கும் கூட்டத்திலும் நடக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு யாரும் போவதில்லை.

விசாகத்தில் பறவை விடுவதை இன்னொரு பக்கமாகச் சொல்லலாம். கூண்டில் அடைத்த சிட்டுகளையும் புறாக்களையும் காசு கொடுத்து வாங்கிப் பறக்கவிடுவது புண்ணியம் என்ற நம்பிக்கை இங்கே நெடுநாள் இருந்து வருகிறது. திறந்துவிடுகிற கைக்கு அந்த நிமிடத்தில் உண்மையான கருணை இருக்கிறது. நான் அதைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் விடுவதற்கு வாங்குவார்கள் என்பதால்தான் பிடிக்கிறார்கள். பிடிக்கும் வலையில் சாவது எத்தனை, கூண்டில் சாவது எத்தனை, பழக்கமில்லாத ஊரில் பறக்கவிட்டபின் சாவது எத்தனை! நல்ல மனத்தோடு செய்த செயல், அது யாருக்கு என்ன வேலையை உண்டாக்குகிறது என்று பார்க்காததால் முதல் சீலத்துக்கே எதிராகப் போய்விடுகிறது. நோக்கம்தான் வினை என்று புத்தர் சொன்னதை எடுத்துக்காட்டி இதை நியாயப்படுத்துகிறவர்கள் ராகுலனுக்குச் சொன்ன பாடத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பார்க்காமல் இருப்பதும் ஒரு நோக்கம்தான்.

*

இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நடுத்தரக் குடும்பம் ஒவ்வொன்றும், சிறு முதலாளி ஒவ்வொருவரும் எதிர்கொள்ளும் அறக்கேள்வி ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் பாஸ்போர்ட்டைச் சொல்வேன். வீட்டு வேலைக்கு வந்த இந்தோனேசியப் பெண்ணின் பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள உணவகங்களில் வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பையன்களின் பாஸ்போர்ட் முதலாளியின் மேசை இழுப்பறையில். இன்னொருவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். ஆனாலும் பத்திரமாக இருக்கட்டும் என்று வைக்கிறோம். விகாரைக்குப் போகிறவர்களும் கோயிலுக்குப் போகிறவர்களும் வைக்கிறார்கள். இரண்டாம் சீலம் திருடாதே என்பதைவிட அகலமானது. கொடுக்கப்படாததை எடுக்காதே என்பது. கேட்டதும் கொடுத்துவிட்டாளே என்று சொல்லலாம். விமான நிலையத்திலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு வந்தவள், ஊரில் கடன் வாங்கிக்கொண்டு வந்தவள், உங்கள் மொழி தெரியாதவள் நீட்டியதைக் கொடுத்தாள் என்று சொல்லலாமா?

சிகாலோவாத சூத்திரத்தில் முதலாளி தன் வேலைக்காரருக்குச் செய்ய வேண்டியவற்றைப் புத்தர் எண்ணிச் சொல்கிறார். வலிமைக்கு ஏற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் கவனிப்பு, வீட்டில் நல்ல பண்டம் செய்தால் பங்கு, நேரத்தில் ஓய்வு. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் சொன்ன அந்தப் பட்டியலையும் 1941 கிள்ளான் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் எத்தனை இடத்தில் தொட்டுக்கொள்கின்றன என்று வியப்பாக இருக்கும். இன்றைய சட்டமோ இன்னும் எட்டவில்லை. 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் வீட்டுப் பணியாளர் அல்லாத மற்றவர்களின் வாராந்திர வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்தது. வற்புறுத்தி வேலை வாங்குவதைக் குற்றமாக்கியது. வீட்டுப் பணியாளர்களுக்கு வார ஓய்வு நாளை அது கட்டாயமாக்கவில்லை. ஓய்வு நாள் தருவதும் தராததும் இன்றைக்கும் அந்தந்த வீட்டுக்காரரின் சீலத்தைப் பொறுத்தது.

கிள்ளானில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் என்னைவிட இளையவர். நல்ல மனிதர், பசியென்று வந்தவரிடம் காசு கேட்கமாட்டார். இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

"பாஸ்போர்ட்ட கையில குடுத்தா மறுநாளே வேற கடைக்கு ஓடிருவானுங்கண்ணே. பெர்மிட்டுக்கும் லெவிக்கும் நான் கட்டுன காச யாரு தர்றது?"

"ஓடுனா எங்க போவான் தம்பி?"

"மாசம் நூறு வெள்ளி கூடக் கிடைக்குற இடத்துக்கு."

"அப்ப அந்த நூறு வெள்ளியப் பத்திப் பேசலாமே."

அவர் கொஞ்ச நேரம் இலைக்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு அவரே சொன்னார்: "நூறு வெள்ளி மட்டும் இல்லண்ணே. ஏஜென்டுக்குக் குடுக்க ஊர்ல அஞ்சு வட்டிக்கு வாங்கிட்டு வந்திருக்கான். அந்தக் கடன் இருக்குற வரைக்கும் அவனுக்கு எந்தக் கடையும் பத்தாது."

அவர் பேச்சு பாஸ்போர்ட்டில் தொடங்கிக் கடனில் போய் நின்றது. பயமும் நியாயமானதுதான், சின்னக் கடை, நெருக்கடியான கணக்கு. நான் அவருக்குச் சூத்திரம் எதையும் சொல்லவில்லை. சில மாதம் கழித்துத் தொழிலாளர்கள் தங்கும் வீட்டில் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டகம் வாங்கி வைத்து, சாவியை அவரவர் கையில் கொடுத்தார். அடுத்து ஆள் எடுத்தபோது ஏஜென்டை விட்டுவிட்டு, வேலை செய்கிறவர்களின் ஊர்க்காரர்கள் வழியாகவே எடுத்தார். ஒரு பையன் போய்விட்டான். மற்றவர்கள் இருக்கிறார்கள். இதை வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை. போன பையன் சொல்லாமல் போனது அவருக்கு இன்னும் வலிக்கிறது. சீலம் காத்தவனுக்கு நட்டம் வராது என்று யாரும் உறுதி கொடுத்ததில்லை. கரையொதுங்கியவர்களின் உயிரும் பொருளும் யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் சாதுவன் முதலில் பேசினான் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டேன்.

*

பேச்சைப் பற்றிய நான்காம் சீலம் இந்த நாட்டில் உயிரோடு தொடர்புடையது. 2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீபீல்டு மாரியம்மன் கோயிலில் கலவரம் நடந்தபோது, இனக்கலவரம் என்ற பேச்சு கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குத் தாவியது. இது இனக்கலவரம் இல்லை என்று அரசாங்கம் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே படுகாயமடைந்த தீயணைப்பு வீரர் ஒருவர் அடுத்த மாதம் இறந்தார். அந்த இரவுகளில் குடும்பக் குழுக்களில் வந்த செய்திகளில் பலவற்றை அனுப்பியவர்கள் பொய் சொல்ல நினைத்தவர்கள் இல்லை, பயந்தவர்கள். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதும் பொய்யில் சேரும் என்று பாலி நூல்கள் கறாராகச் சொல்கின்றன. ஒன்று வந்தவுடன் தள்ளிவிடும் பழக்கத்தை அமைதியான நாளில் விட்டிருந்தால்தான் அந்த இரவில் விரல் நிற்கும்.

உண்மையைச் சொல்வதிலும் கடினம் இருக்கிறது. அபய இளவரசன் என்பவன் மடியில் குழந்தையோடு புத்தரிடம் பேசுகிற சூத்திரம் ஒன்று உண்டு. இந்தக் குழந்தை கல்லையோ குச்சியையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று கேட்கிறார் புத்தர். ரத்தம் வந்தாலும் விரலை விட்டு எடுத்துவிடுவேன், அதன்மேல் எனக்கு இரக்கம் இருக்கிறது என்கிறான். உண்மையாகவும் நன்மையாகவும் இருந்தால் கேட்கக் கசந்தாலும் சொல்வேன், ஆனால் அதற்கான நேரம் பார்த்துச் சொல்வேன் என்கிறார் புத்தர். பொய் என்றால், கேட்க இனித்தாலும் அவர் சொல்வதில்லை.

நம் குடும்பங்களில் இது மருத்துவமனை நடைவழியில் வந்து நிற்கிறது. "டாக்டர், அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. தாங்கமாட்டாரு." மகனோ மகளோ கையைப் பிடித்துக்கொண்டு கேட்பதை இந்த ஊரில் எந்த மருத்துவரும் கேட்டிருப்பார். அன்பினால் சொல்லும் பொய். நோயாளியோ பெரும்பாலும் ஊகித்துவிடுகிறார். பிள்ளைகளுக்காகத் தெரியாதது போல் நடிக்கிறார். இரண்டு பக்கமும் நடித்துக்கொண்டு கடைசி மாதங்கள் போய்விடுகின்றன. சொல்ல வேண்டிய மன்னிப்பு, கொடுக்க வேண்டிய பொருள், பார்க்க வேண்டிய அண்ணன் எல்லாம் நின்றுபோகின்றன. அந்த நடைவழியில் நின்றுகொண்டு உண்மையா அன்பா என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. யாரையும் நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கேள்வியை எல்லோரும் நலமாக இருக்கும் நாளில், சாப்பாட்டு மேசையில் கேட்டிருக்க வேண்டும்.

போன வருடம் அம்மாவிடம் கேட்டேன். எழுபது தாண்டியவர், சர்க்கரையைத் தவிர வேறு தொந்தரவு இல்லை.

"அம்மா, உங்களுக்குப் பெருசா ஏதாச்சும் வந்தா, டாக்டர் சொல்றத நேரா உங்ககிட்ட சொல்லட்டுமா, எங்ககிட்ட சொல்லட்டுமா?"

"என்னடா கேள்வி இது" என்றவர், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து பதில் சொன்னார். "எங்கிட்டதான் சொல்லணும். நீங்க யாரும் மறைக்கக் கூடாது. எனக்குத் தெரியாட்டி நான் எப்படி ஊருக்குப் போயி உங்க மாமாவப் பாத்துட்டு வர்றது?"

மாமாவோடு அம்மா பேசிப் பல வருடங்கள் ஆகின்றன என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தங்கை அடுத்த வாரமே காரைக்குடிக்கு டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்தாள்.